லோபாகா வீட்டுக் கல்லின் வயது

1

இந்தக் கதை ஒரு கிண்டலில் பிறந்தது. ஹிலோ என்ற எரிமலைத் தீவு ஊரில் என் பக்கத்து வீட்டு லோபாகா மீன் சுட்டுக்கொண்டே சொன்னார்: "என் வீடு போயி பத்து லட்சம் வருஷமாச்சாம். மருமவளோட மெஷின் சொல்லுது."

வீடு போனது 2018-இல். எரிமலைக் குழம்பு சமையலறை வழியாக நுழைந்து, கூரைவரை ஏறி உறைந்தது.

2

செவ்வாயின் செந்நிற மௌனத்தில்… (வேண்டாம். எனக்குக் கவிதை வராது.)

மருமகள் நோஹேயா, செவ்வாய்க்கு அனுப்பவென்று பாறையின் வயதை அளக்கும் கருவி செய்கிறாள். பாறையிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு துளி மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாகும். சேர்ந்த வாயுவை வைத்து வயதைக் கணக்கிடலாம். சோதித்துப் பார்க்க, வயது ஊருக்கே தெரிந்த கல் ஒன்று கேட்டாள். மாமா தன் நிலத்திலிருந்து கொடுத்தார், திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. (எரிமலைத் தெய்வம் கோபிக்கும் என்று, இங்கே எரிமலைக் கல்லைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள யாரும் துணியமாட்டார்கள்.)

3

[லோபாகாவை முதலில் ஞானியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மீனுக்கு உப்புப் போட மறக்கிற மனிதர் அவர்.]

கருவி பத்து லட்சம் என்றதும் குழுத்தலைவர் சொன்னார்: "அந்தக் கல்லை அறிக்கையில சேக்காம விட்டுடும்மா. எந்தக் கருவி செவ்வாய்க்குப் போகணும்னு சொல்ற தேர்வுக் குழு பாத்தா நம்மளக் கழிச்சுக் கட்டிருவாங்க."

"செவ்வாயில எந்தக் கல்லை விடணும்னு யாருங்க சொல்லுவா?"

நோஹேயா திருப்பிக் கேட்டாளாம். எனக்கு அவளை அங்கேதான் பிடித்துப்போனது.

4

பூமிக்கடியிலிருந்தே பழைய ஆர்கான் குழம்போடு வந்து கல்லில் சிக்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டாள். ஒரே இடத்தை அளக்காமல், பொட்டாசியம் கூடவும் குறையவும் உள்ள பல புள்ளிகளை லேசரால் சுட்டாள். கல்லுக்குள்ளேயே விளைந்ததென்றால் பொட்டாசியம் கூடிய இடத்தில் ஆர்கானும் கூடியிருக்க வேண்டும்; கூடவில்லை. எங்கும் ஒரே அளவு. ஆக, அது வெளியிலிருந்து வந்த வாயுதான். கழித்துப் பார்த்தால், கருவிக்கு எட்டாத அளவுக்கு வயது குறைவு.

"மாமா, உங்க வீடு இப்பத்தான் போயிருக்கு."

"அத நான் மெஷின் இல்லாமயே சொல்லிருப்பேனே."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பத்து லட்சத்தைப் போட்டாள், அதைத் திருத்திய விதத்தை அதன் கீழே எழுதினாள். கல்லைச் சமையலறை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

முடிவு அ: ராக்கெட் கிளம்புகிறது, லோபாகா கையைத் தட்டி…

முடிவு ஆ: "வருந்துகிறோம்" என்று தொடங்கும் கடிதம்…

இரண்டையும் பாதியில் விட்டேன். தேர்வுக் குழு இன்னும் கூடவில்லை. அவர்களுக்கு முன்னால் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்த முடிவை எழுதினாலும் சரி, அந்தப் பத்து லட்சத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள்.