ஆட்சேபணை இல்லை

பொன்னேரிக் கூட்டத்துக்குத் தமிழ்செல்வி புறப்பட்ட காலையில் ஊரில் பாதிப்பேர் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். எளாவூருக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் நீர்வடிப்பகுதிச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஏரிக்கு வரும் கால்வாய் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவரை ஒட்டி வருகிறது. மழைக்கு முன்னால் அங்கே குப்பையும் கசடும் அடைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் சங்கத்து ஆட்கள் கம்பெனி கேட்டில் போய் உட்கார்ந்து, சண்டை பிடித்து, தூர் வார வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார்கள். இப்போது பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சங்கங்களையெல்லாம் கலைத்து ஒரே கூட்டமைப்பாக ஆக்கப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று தகவல் வந்திருந்தது.

“நம்ம கால்வா எப்ப அடைக்கும்னு பொன்னேரில ஒக்காந்துகினு இருக்கிறவனுக்கு எப்டிம்மா தெரியும்? அத மட்டும் கேட்டுட்டு வா,” என்றார் குப்புராஜ். ஏரிப் பாசனத்தின் கடைசி மடையில்தான் அவருடைய நிலம்.

துணைக்குச் சங்கத்துச் செயலாளர் கிரேஸ் வந்தாள். அவளுடையது, மாமனார் காலம்வரை தமிழ்செல்வி வீட்டு நிலத்தில் வேலை செய்த குடும்பம். கிரேஸ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அன்றைக்கு ஷிப்டுக்கு லீவு போட்டிருந்தாள். மின்சார ரயிலில், கூட்டத்தில் பேசப் போவதைத் தமிழ்செல்வி ஒருமுறை பேசிக் காட்டினாள். எதிர் சீட்டுக்காரர்கூடத் தலையை ஆட்டிக் கேட்டார்.

கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே அதிகாரி கைகூப்பி நின்றார். “தமிழ்செல்வி மேடம்தானே? உங்க சங்கத்தைத்தான் எல்லா இடத்துலயும் உதாரணமா சொல்றோம்.” அவளை மேடைக்குக் கூட்டிப்போய் முதல் நாற்காலியில் உட்கார வைத்தார். கிரேஸ் கடைசி வரிசைக்குப் போனாள். தமிழ்செல்விக்குச் சால்வை போட்டார்கள். புதிய கூட்டமைப்பின் செயற்குழுவில் அவளும் ஒரு உறுப்பினர் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. மேடையிலிருந்து பார்க்கும்போது எல்லா முகங்களும் நல்ல முகங்களாகத் தெரிந்தன.

“உங்க சங்கத்துக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா மேடம்?”

மைக் கைக்கு வந்தது. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பது மரியாதையாக இருக்காது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

“ஆட்சேபணைலாம் ஒன்னும் இல்ல சார். நல்ல திட்டம்தான்.”

கை தட்டினார்கள். அவள் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் கிரேஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தமிழ்செல்வி பேச்சை எங்கே தொடங்குவதென்று தெரியாமல், “சாப்பாடு நல்லா இருந்துச்சு இல்ல,” என்றாள். சொன்ன பிறகு தன் வாயையே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கிரேஸ் “ம்” என்றாள்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், காத்திருந்த கூட்டத்திலிருந்து குப்புராஜ் எதிரே வந்தார். “இன்னா ஆச்சு?”

தமிழ்செல்வி பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேஸ்தான் சொன்னாள். “அக்கா நல்லாதான் பேசினாங்க நைனா. அவங்க முன்னயே முடிவு பண்ணிட்டாங்க. யாரும் காதுல போட்டுக்கல.”

குப்புராஜின் மனைவி ஜானகியம்மாள், “பேசிப் பேசித் தொண்ட காஞ்சிருக்கும்,” என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்செல்வி குடித்தாள். முழுக்கக் குடித்தாள்.

தெருமுனையில் கிரேஸைப் பிடித்து நிறுத்தினாள். “ஏன் அப்டிச் சொன்ன?”

“நீங்க உண்மையச் சொல்லிடுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்க்கா. சொல்லல. எல்லாரும் நம்ம மூஞ்சியயே பாத்துக்கினு நிக்கிறாங்க, நான் வேற இன்னா சொல்றது?” கிரேஸ் போய்விட்டாள்.

ஐப்பசியில் கால்வாய் அடைத்துக்கொண்டது. தமிழ்செல்வி கூட்டமைப்புக்குப் போன் செய்தாள். வரிசைப்படி மெஷின் வரும் என்றார்கள். நாலு பேரோடு கம்பெனி கேட்டுக்குப் போனாள். செக்யூரிட்டி கதவைக்கூடத் திறக்கவில்லை. “உங்க சங்கமே இப்ப கெடயாதாமே. பொன்னேரிலேர்ந்து ஆர்டர் வரட்டும்,” என்றான். மழைத் தண்ணீர் ஏரிக்கு வராமல் ஹைவே பள்ளத்தில் போய் நின்றது. லாரிகள் அதை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. குப்புராஜ் நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்.

“நீ இன்னாம்மா பண்ணுவ, போராடித்தான் பாத்த,” என்றார் அவர், ரேஷன் கடை வாசலில், எல்லார் முன்னாலும்.

தமிழ்செல்விக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “நான் பேசல நைனா. ஆட்சேபணை இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். சால்வ போட்டாங்க, வாங்கிக்கினேன். கிரேஸு எனக்காகப் பொய் சொன்னா.”

அரிசிப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் குப்புராஜ் மெதுவாகச் சொன்னார்: “தெரியும்மா. எம் மச்சான் மாதர்பாக்கத்துச் சங்கத்துல இருக்கான். அவனும் அந்த மண்டபத்துல இருந்தான். அன்னிக்கே போன் பண்ணிட்டான்.”

அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மோர் கொடுத்த ஜானகியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீ ஊட்ட வுட்டு வெளியவே வரமாட்ட. அப்புறம் ஆபீசுக்குப் போன் போட எங்களுக்கு யார் இருக்கா?”

திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருப்பாள். அதற்கும் வழியில்லாமல் நின்றாள். ஷிப்டு முடிந்து வந்த கிரேஸ் கூட்டத்தைத் தாண்டி வந்து, “கூட்டமைப்போட அடுத்த கூட்டத்துக்குப் போங்கக்கா,” என்றாள். “இந்தத் தடவ என்னால லீவு போட முடியாது. தனியாத்தான் போவணும்.”

தமிழ்செல்வி தனியாகப் போனாள். யாரும் மைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று கேட்டு வாங்கினாள். ரயிலில் சொன்ன அழகில் பாதிகூட வரவில்லை. ஆனாலும் கால்வாயைப் பற்றியும் கம்பெனி கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். அதிகாரி முன்போலச் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். தை பிறந்த பிறகு மெஷின் வந்து தூர் வாரியது. அந்தப் போகத்துக்கான மழை அதற்குள் முடிந்திருந்தது.

அந்த வருஷம் முழுவதும் குப்புராஜின் நிலத்தில் கோரைதான் முளைத்துக் கிடந்தது. ஏரிக்குப் போக அந்த வரப்புதான் குறுக்கு வழி. தமிழ்செல்வி ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.