அஃபிபாவின் பிள்ளைகள்

அப்பாவின் மரண அறிவிப்பில் உறவினர் என்று ஏழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களுடைய அறிவிப்புகள் சுரினாம் தலைநகர் பரமாரிபோவின் செய்தித்தாளில் அரைப்பக்கத்துக்கு நீளும். ஹெர்மினா வெல்டாமுக்கு அது உறுத்தியது.

"நம்ம வம்சத்து மூத்தவ க்வாசிபா பாட்டி தனிக்கட்டையா வந்தவ. அவளுக்கு முன்னாடி நமக்கு யாருமில்ல. விடுக்கா," என்றான் தம்பி ரெய்னார்ட்.

"யாருமில்லாம எவ பொறப்பா?" என்று கேட்டுவிட்டு, தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரமே ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

மூன்று வாரம் வெல்டாம் என்ற பெயரையே தேடிச் சலித்தாள். அங்கே வேலை செய்த ஜோவிதாதான் ஒருநாள் அருகில் வந்து உட்கார்ந்தாள். "குடும்பப் பேரைத் துரத்தாதீங்கம்மா. அதெல்லாம் ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்துமூணுல அடிமைகளை விடுதலை பண்ணப்போ ஒட்டவச்சது. அடிமைப் பதிவேட்டுல தாயோட பேர் இருக்கும். அதைப் பிடிங்க."

பிடித்தாள். கொமெவைனே ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றுக்கான பதிவேட்டுப் பக்கத்தில் க்வாசிபாவின் பெயர் இருந்தது; தாய், அஃபிபா. அதே தாயின் பெயருக்கு நேரே இன்னொரு மகள்: யாபா, வயது இருபது, 1849இல் நகரத்து வீடொன்றுக்கு விற்கப்பட்டவள். அந்த வீட்டாரின் பதிவேட்டுப் பக்கத்தையும் தேடியெடுத்தாள். விடுதலையின்போது யாபாவுக்குக் கிடைத்த குடும்பப் பெயர் ரைஸ்தன்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் இரண்டு அஃபிபாக்கள் இருந்தார்கள்.

"இது போதாதா?" என்றான் ரெய்னார்ட்.

"போதாது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டவா?"

தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். நான்காம் மாதம் அனுமதி கிடைத்தது. மங்கிய மையில், "க்வாசிபா, நகரத்துக்கு விற்கப்பட்ட யாபாவின் தங்கை" என்றிருந்தது. அதுவரை தேடியதையெல்லாம் எழுதிவைத்திருந்த நோட்டில் அந்த வரியையும் சேர்த்தாள்.

பிறகு பழைய மரண அறிவிப்புகளைப் புரட்டி ரைஸ்தன் குடும்பத்தின் முகவரியைக் கண்டுபிடித்தாள். அங்கே போய்த் தட்ட, வாசற்கதவுக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது. எழுபது வயது எஸ்டெல்லா ரைஸ்தன் வெளியே வந்தாள்.

"சபைக்கு ஆள் சேர்க்க வந்தியா? போன வாரந்தான் ரெண்டு பேரை விரட்டினேன்."

"இல்லக்கா. யாபான்னு ஒருத்தி உங்க வம்சத்துல..."

எஸ்டெல்லா நாயை அதட்டி அடக்கினாள். "யாபாவை உனக்கெப்படித் தெரியும்?"

"அவளுக்கு ஒரு தங்கச்சி."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தாளாம். சாகறவரைக்கும் அழுதாளாம். பேருதான் எங்க யாருக்கும் நினைவுல நிக்கல."

"க்வாசிபா," என்று நோட்டை நீட்டினாள் ஹெர்மினா. "நான் அவ வம்சம்."

எஸ்டெல்லா அந்தப் பெயரை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, அவள் கையைப் பற்றி உள்ளே இழுத்தாள். "உக்காரு. அண்ணன், மச்சான், பிள்ளைங்க எல்லாரையும் வரச்சொல்றேன். வந்ததும் அந்த நோட்டை முதல் பக்கத்துலேர்ந்து படிச்சுக் காட்டணும், ஒரு வரி விடக்கூடாது."

சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் முப்பத்தொரு பேர் கூடிவிட்டார்கள்.