ஒரு வருஷத்து ரிலீவர்

பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா பலராமன், ஓட்டிவந்த லோடு ஆட்டோ கவிழ்ந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அம்மா காந்திமதிக்கு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. அவள் வந்துவிட்டால் ஒரு ஹாஸ்டலே காலை டிபன் இல்லாமல் ஷிஃப்டுக்குப் போகும். ஆகவே பெற்றோர் பதவி மூத்த மகள் வினோதினியின் தலையில் விழுந்தது. இருபத்தோரு வயதில், கல்யாணம்கூட ஆகாமல், பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குப் பெற்றோராகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, ஒரகடத்திலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸைவிட்டுப் படப்பையில் இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாசலில் தங்கை சௌந்தர்யா புதுச் சுடிதாரில் பளிச்சென்று நின்றாள்.

"இன்னாக்கா, கம்பெனி கோட்டோடயே வந்துட்ட?"

"வூட்டுக்குப் போனா படுத்துடுவேன்டி. அப்புறம் உங்கூட யாரு வர்றது?"

பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு, அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டும் நாள் அது. கல்லூரிக்குப் போன பழைய மாணவிகள் வகுப்பறைகளில் ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வராந்தா முழுக்க நர்சிங், பாலிடெக்னிக், கேட்டரிங் என்று விதவிதமாக விளம்பரத் தட்டிகள். சௌந்தர்யா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, ஒவ்வொன்றையும் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

வினோதினிக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்றாள். பிளஸ் டூ முடித்தபோது அவளுக்கும் கணக்கு படிக்க ஆசை இருந்தது. "ஒரே ஒரு வருஷம் கம்பெனிக்குப் போறேன், அப்புறம் காலேஜ்" என்று அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள். முதல் வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். அடுத்த வருஷம் மழையில் வீட்டுச் சுவர் இடிந்தது. இப்போது அப்பாவின் கால். அந்த ஒரு வருஷம் மூன்று வருஷமாகிவிட்டது. வீட்டில் ஒருத்தி சம்பாதித்தால்தான் ஒருத்தி படிக்க முடியும். படிக்கிற ஒருத்தி சௌந்தர்யாதான் என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

அவர்களுடைய முறை வந்தது. உள்ளே போனதும் வினோதினிக்குத் திக்கென்றது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் இசைவாணி. பத்தாவதிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கழுத்தில் ஒரு அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வினோதினியின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது, கம்பெனி அட்டை. அதை அவசரமாகக் கோட்டுக்குள் தள்ளினாள்.

"ஏய் வினோ! எங்கடி போயிட்ட நீ? நீ சொல்லிக்குடுத்த கணக்குலதான் நான் பாஸே ஆனேன், தெரியுமா?"

இப்படி ஒரு வரவேற்பை வினோதினி எதிர்பார்க்கவில்லை. வெட்கத்தோடு உட்கார்ந்தாள்.

இசைவாணி சௌந்தர்யாவிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அவள் நர்சிங் என்றாள். உடனே இல்லை, பேஷன் டிசைன் என்றாள். நடுவில் வக்கீல் வேலையும் எட்டிப் பார்த்தது. கடைசியில், "எனக்கே தெரியலக்கா. மார்க்கு கீது, ஆனா இன்னா படிக்கணும்னு தெரியல" என்று உண்மையை ஒப்புக்கொண்டாள்.

"அது ஒண்ணும் தப்பில்ல" என்றாள் இசைவாணி. "தெரியாம எதுலயாவது போய்ச் சேர்ந்துட்டு, பாதில வுட்டுட்டு வர்றதுதான் கஷ்டம். சில பேரு ஒரு வருஷம் எதுலயும் சேராம கேப் எடுத்துக்கறாங்க. அதுக்காக சும்மா வூட்ல குந்திக்கினு இருக்கக் கூடாது. நாலு இடத்துக்குப் போய்ப் பாக்கணும், வேலை செய்றவங்ககிட்ட கேக்கணும்."

"அதெல்லாம் வேணாம்" என்று வினோதினி குறுக்கே பாய்ந்தாள். "எங்க ஊர்ல கேப்பு எடுத்தா நேரா கம்பெனிதான். ஏதோ ஒரு டிகிரி, இந்த வருஷமே சேத்துவுடு."

பேச்சு நீண்டது. ராத்திரி முழுக்கத் தூக்கம் விரட்டக் குடித்த டீ வினோதினிக்குத் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. பாத்ரூம் போக வேண்டும். அவள் வலது கையை மேலே தூக்கினாள். தூக்கிய கையோடு அசையாமல் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இன்னாக்கா, யாரைத் தேடற?"

"ரிலீவர் இன்னும் வரல" என்றாள் வினோதினி.

சொன்ன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இசைவாணி ஒன்றும் புரியாமல் விழித்தாள். வேறு வழியில்லாமல் விளக்க வேண்டியதாயிற்று. கம்பெனி லைனில் எலெக்ட்ரானிக் போர்டு வந்துகொண்டே இருக்கும், நிற்காது. யாரும் தன் இடத்தைக் காலியாக விடக் கூடாது. அவசரம் என்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நகர வேண்டும்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அடக்கிக்கினு நிக்கறதுதான்."

அடுத்த மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வினோதினியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து ஓடினாள். சௌந்தர்யா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது வினோதினியின் நாற்காலியில் சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எழுந்திருடி, அது என் எடம்."

"மாட்டேன். நான்தான் ரிலீவர். நீ போ."

"எங்க போறது?"

"காலேஜுக்கு. உனக்கு இன்னா வேணும்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியல. தெரியாதவ காலேஜுக்குப் போவாளாம், தெரிஞ்சவ லைன்ல நிப்பாளாம், இன்னா நியாயம்க்கா இது? ஒரு வருஷம் நான் நிக்கறேன். அதுக்குள்ள அப்பா வண்டி எடுத்துடுவாரு."

வினோதினிக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயை மூடு. நானும் ஒரு வருஷம்னுதான் போனேன்!"

"உன்னைத் திருப்பிக் கூப்பிட ஆள் இல்ல, அதான் நின்னுட்ட. எனக்கு நீ கீறியே!"

வினோதினி இசைவாணியைப் பார்த்தாள். அவள் போனில் எதையோ தேடி முடித்திருந்தாள். செங்கல்பட்டு அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது, மூன்று வருஷம் விட்டுப் படித்தால் ஒரு குற்றமும் இல்லை என்றாள். "வார லீவு அன்னைக்கு சௌந்தர்யாவை நான் கூட்டிக்கினு போறேன். ஆஸ்பத்திரி, லேபு, கோர்ட்டு, எல்லாத்தையும் பாக்கட்டும். அடுத்த மே மாசம் அவளே சொல்லுவா, இன்னா வேணும்னு. நீ சொல்லிக்குடுத்ததுக்கு நான் ஏதாவது செய்ய வேணாமா வினோ?"

வினோதினி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள், ஒருவரும் நம்பவில்லை. மூன்று வருஷத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது ஒரே காலையில் இரண்டு பேர் அவளுக்காக அவளிடமே சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா ஒரு பாட்டம் அழுதாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரு வருஷம் தாக்குப் புடிங்க, நான் எழுந்துடுவேன்" என்றார்.

கணக்கில் இடம் கிடைத்தது. ஜூலையில் வினோதினி கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். மறந்துபோயிருக்கும் என்று பயந்த கணக்கெல்லாம் கரும்பலகையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

சௌந்தர்யா லைனில் சேர்ந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை. முதல் நாள் டே ஷிஃப்ட். அன்று கல்லூரியில் வினோதினிக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. சாயங்காலம் அவளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். அக்கா தங்கைக்குள் நன்றி சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இருந்தாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் போட்டு, கல்லுப்பு கலந்து, பக்கெட்டோடு வாசலில் காத்திருந்தாள்.

கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. சௌந்தர்யா படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். நடந்து வந்து வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வினோதினி அவளுடைய காலைத் தூக்கி வெந்நீரில் வைத்தாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து சிவந்திருந்தது.

"சௌந்தர்யா, உனக்கு நான் எப்டி..." என்று வினோதினி ஆரம்பித்தாள்.

அதற்குள் சௌந்தர்யா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, மூணு வருஷமாவா இப்டி நின்ன? எனக்காகவா? ஒரு நாள்கூடக் கால் வலிக்குதுன்னு நீ சொல்லலியேக்கா!"

சொல்ல வைத்திருந்ததெல்லாம் வினோதினிக்கு மறந்துபோயிற்று. தங்கையின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவளும் அழுதாள். "வலிச்சுதுடி" என்றாள் முதல் தடவையாக. "ரொம்ப வலிச்சுது."