பெயரில்லாத ஊற்று

பசுவின் வாயெல்லாம் சிவப்பு.

ஓர்பெலிந்தா பால் செம்பைக் கீழே வைத்தாள். மலையில் திரியும் பூமாச் சிறுத்தையின் வேலையோ? பசுவின் தாடையைப் பிடித்துத் தூக்கி நாக்கைப் பார்த்தாள். காயம் இல்லை. விரலால் தடவி முகர்ந்தாள். இரத்தவாடையும் இல்லை.

சாயம்!

தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். தொட்டி நிறையச் சிவப்பு. வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறை இடுக்கில் கசியும் ஊற்றும் சிவப்பு. கம்பளி நூலுக்கு அவள் போடும் அதே சிவப்பு.

அதை மலையுச்சியில் ஊற்றியவளே அவள்தான்.

மழைக்காலத்தில் பாகாமார்க்கா ஊரார் ஓடைத் தண்ணீரைக் கல்வாய்க்காலில் திருப்பி, மேலே இருக்கும் பள்ளங்களில் விடுவார்கள். தண்ணீர் தேங்காது, உள்ளே இறங்கிவிடும். மலைக்குப் பால் புகட்டுவது என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பள்ளமும் ஒரு தாய், கோடையில் கீழே சுரக்கும் ஊற்று அதன் பிள்ளை. வில்கா தாய் புகட்டுவது மேலத்தெருவின் வில்கா பிள்ளைக்கு. பெயரே சொல்கிறதே, இதில் என்ன சந்தேகம்?

சில வருடங்களாகக் கோடையில் ஓடை வறண்டது. பள்ளங்களைச் சுற்றி வேலி போட்டு, மாடும் ஏரும் ஏறாமல் காக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் திட்டம் போட்டார்கள். வில்கா தாயில்தான் ஓர்பெலிந்தாவின் மாடுகள் மேய்ந்தன. அந்தப் புல் போனால் பால் போச்சு, பாலாடைக்கட்டி போச்சு, பிழைப்பே போச்சு. மேலத்தெருக்காரன் தோட்டத்துக்காக என் மாடு பட்டினி கிடக்கணுமா என்று கூட்டத்தில் எழுந்து நின்றாள். தண்ணீர் சபைத் தலைவர் தியோதுலோ அவள் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவர் அவளைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். அவராலும் அவளை உட்கார வைக்க முடியவில்லை. கடைசியில் பந்தயம் மாதிரி ஒரு முடிவு. பள்ளத்தில் சாயம் ஊற்றுவது. மே மாதச் சிலுவைத் திருநாளுக்குள் வில்கா பிள்ளையில் சிவப்பு வந்தால் அவள் மாடுகளை இறக்க வேண்டும். வராவிட்டால் பள்ளம் அவளுக்கு.

மேலத்தெருவே ஊற்றடியில் காவல் இருந்தது. தண்ணீர் கண்ணாடியாய் ஓடியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஓர்பெலிந்தா ஒரு குத்தல் போடுவாள். "என்னப்பா, உங்க பிள்ளை பால்குடி மறந்துடுச்சு போலிருக்கே."

நாளை திருநாள். ஜெயித்த மாதிரிதான்.

அவள் மண்டியிட்டுப் பாறையில் காது வைத்தாள். பெயர்கூட வைக்காத ஊற்று இது. துணி அலசவும் மாட்டுக்குக் காட்டவும் மட்டுமே இருந்தது. அந்தத் தண்ணீர் இத்தனை மாதங்களாக உருளைக்கிழங்கு வயல்களுக்கு அடியில், கோவிலுக்கு அடியில், அவள் புருஷன் படுத்திருக்கும் கல்லறைக்கு அடியில், அவள் தூங்கிய கட்டிலுக்கே அடியில், யாரும் அறியாத இருட்டில் நடந்து அவள் வாசலைத் தேடி வந்திருக்கிறது! உள்ளே மெல்லிய சத்தம், குழந்தை சப்புவது மாதிரி.

"கொமாத்ரே."

தியோதுலோ தொழுவத்து வாசலில் நின்றார். ஓர்பெலிந்தா பதறி எழுந்து பாறையை மறைத்துக்கொண்டாள்.

"தோத்துட்டேன் கொமாத்ரே. நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன், பள்ளம் உனக்குத்தான்னு." குரல் இறங்கியிருந்தது. அவர் பார்வை பசுவின்மேல் விழுந்தது. "அதுக்கென்ன வாயில?"

"முள்ளு."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான். மதியத்துக்குள் சாயம் வடிந்துவிடலாம். தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் வேறு சாட்சியே இல்லை.

ஆனால் பாறைக்குள் அந்தச் சத்தம் நிற்கவில்லை. போன கோடையில் இந்த ஊற்று நூலாய் இளைத்தது நினைவுக்கு வந்தது. அங்கே மேலே அவள் மாடுகளின் குளம்புகள் மிதித்து மிதித்து இறுக்கிய தரையில் தண்ணீர் எப்படி இறங்கும்?

"கொம்பாத்ரே, நில்லுங்க. முள்ளு இல்ல."

அவள் விலகி நின்றாள்.

தியோதுலோ பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து உள்ளங்கையில் சிவப்பை ஏந்தி, விரலிடுக்கில் ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தன் முப்பாட்டன் எல்லாரும் தப்பாத்தான் பேர் வச்சிருக்காங்க," என்றார் கடைசியில். "அப்ப வில்கா பிள்ளைக்கு யாரு தாய்?"

"யாருக்குத் தெரியும்? வேலி போடறதுன்னா எல்லாப் பள்ளத்துக்கும் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் ஊத்திப் பாத்துடுவோம். சாயம் நான் தர்றேன்."

"உன் மாடு?"

"பாதியை வித்துடறேன். மீதிக்குக் கீழ புல்லு விதைக்கத் தண்ணிதான் இருக்கே."

அன்றைக்கே மேலே ஏறிப்போனாள். மாடுகள் வில்கா தாயின் நடுவில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதும் போல இறங்கிப்போய் ஓட்டி வர வேண்டியதுதான். ஓர்பெலிந்தா விளிம்பிலேயே நின்றுவிட்டாள். அந்தப் புல்லின்மேல் கால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்வரப்பில் நின்றபடியே, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.