தெரிஞ்ச சேத்துப்பட்டு

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று சர்க்கார் சொன்ன நாளிலிருந்து, அந்த உத்தரவை அம்முலு அளவுக்குக் கரைத்துக் குடித்தவர்கள் மாகறலில் வேறு யாரும் இல்லை. எந்த ரோஸ் கலர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தக் கூட்டு ரோட்டில் இறங்கி அடுத்ததைப் பிடித்தால் காசில்லாமல் பக்கத்து ஜில்லாவுக்குள் நுழையலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கண்டக்டர் கிழித்துத் தரும் சைபர் ரூபாய்ச் சீட்டைத் தானே பாடுபட்டுச் சம்பாதித்தது மாதிரி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். புருஷன் சாமுவேல் போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திரா பக்கம் போனால் திரும்ப மாதக்கணக்காகும், அவன் போனும் பாதி நாள் எடுக்காது. செலவில்லாமல் ஊர் போய் வரும் வித்தையை அவள் கற்றுக்கொள்ளாமல் வேறு யார் கற்றுக்கொள்வது?

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த போன் வந்தது. மகள் நிஷா ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் வழியாகவே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு வருஷப் படிப்பு. தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் டிரஸ்ட் பொறுப்பு. படித்து முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயம். போன் வந்தபோது அம்முலு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது.

“உங்க பொண்ணுக்கு சீட் கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோட வந்துடணும். வரலைன்னா சீட் அடுத்த பொண்ணுக்குப் போயிடும். சேத்துப்பட்டு. தெரியும்ல?”

“தெரியாம இன்னா மேடம்? வருசா வருசம் வந்துகினுதான கீறோம்!”

“அப்ப நல்லதாப் போச்சு” என்று டிரஸ்ட் மேடம் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் இன்னும் ஐம்பது பேரைக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

உத்திரமேரூர்ப் பக்கத்து ஜனங்களுக்குச் சேத்துப்பட்டு என்றால் ஒரே சேத்துப்பட்டுதான். வந்தவாசி தாண்டிப் போனால் வரும். மாதா கோயில் இருக்கிறது, சற்றுத் தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவிழாவுக்கு அம்முலு குடும்பத்தோடு போய் மண்டபத்தில் இரண்டு நாள் பாய் போட்டுப் படுத்துவிட்டு வருவாள். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் நர்ஸ் படிப்பு இல்லாமலா போகும்? அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை.

சந்தேகம் வந்தது நிஷாவுக்குத்தான்.

“அட்ரஸ் கேட்டியாம்மா?”

“மாதா கோயில் ஊருக்கு இன்னாத்துக்குடி அட்ரஸு?”

“எதுக்கும் திருப்பி போன் போட்டுக் கேட்டுடும்மா. தெரு பேரு, கதவு நம்பர் எதுனா சொல்லுவாங்க இல்ல?”

“சொன்னதையே திருப்பிக் கேட்டா இன்னா நெனப்பாங்க? ஒண்ணியும் தெரியாத கும்பல்னு நெனைக்க மாட்டாங்க? எனக்குத் தெரியும், நீ வா.”

நிஷா அதற்கப்புறமும் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தாள். அம்முலு பிடிகொடுக்கவில்லை. தெரியும் என்று ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வருவது அவள் ஜாதகத்திலேயே கிடையாது.

மாகறல் ஸ்டாப்பிங்கில் வடக்கே ஏறினால் காஞ்சிபுரம், தெற்கே ஏறினால் உத்திரமேரூர். திங்கட்கிழமை காலை தாயும் மகளும் தெற்கே ஏறினார்கள். உத்திரமேரூரில் இறங்கி மானாம்பதி பஸ். அங்கிருந்து வந்தவாசி. வந்தவாசியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து நெடுங்குணம் வரைக்கும் ஒன்று. அங்கே புளிய மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு இன்னொன்று. நடுவில் காசு வாங்குகிற எக்ஸ்பிரஸ் பஸ்கள் எத்தனையோ அவர்களைத் தாண்டிப் போயின. அம்முலு அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐந்து பஸ், ஏழு மணி நேரம், பைசா செலவில்லை. “பாத்தியா?” என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள். துணிப்பையையும் சர்டிஃபிகேட் ஃபைலையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்று நின்று கால் மரத்துப்போயிருந்த நிஷாவும், சிரிக்காமல் இருக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

மாதா கோயில் கேட்டுக்கு வரும்போது மணி ஐந்து. வாட்ச்மேன் வெங்கடேசன் நல்ல மனுஷன், உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அம்முலு வந்த விஷயத்தைச் சொல்லி, ராத்திரி மண்டபத்தில் படுத்துக்கொள்ள இடம் கேட்டாள்.

“மண்டபம் திருவிழா அப்பத்தான் தெறப்பாங்கம்மா. இப்ப பெயிண்ட் அடிச்சிக்கினு கீறாங்க. அது போவட்டும், நீ சொல்ற அந்த டிரஸ்டு… அப்பிடி ஒண்ணு இந்த ஊர்ல கெடையாதே? நான் பதினெட்டு வருசமா இங்கதான் கீறேன்.”

“நல்லா யோசிச்சிப் பாருங்கண்ணா. நர்ஸ் படிப்பு.”

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. நிஷா அம்மாவின் கையிலிருந்து அந்தப் பட்டன் போனை வெடுக்கென்று பிடுங்கி, மேடத்தின் நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

“மேடம், நாங்க சேத்துப்பட்டு வந்துட்டோம். மாதா கோயில் கிட்ட கீறோம். எப்பிடி வரணும்?”

“எந்த மாதா கோயில்? ரெயில்வே ஸ்டேஷன்ல இருந்து வெளியே வந்து நேரா…”

“இங்க ரெயிலே கெடையாது மேடம்.”

“நீங்க எங்கம்மா இருக்கீங்க?” என்றாள் மேடம். பிறகு அவளே புரிந்துகொண்டு, “அய்யோ, இது மெட்ராஸ் சேத்துப்பட்டும்மா!” என்றாள்.

அம்முலுவுக்குக் காது அடைத்துக்கொண்டது. மெட்ராஸில் ஒரு சேத்துப்பட்டு இருப்பதாக அவளிடம் யாரும் எப்போதும் சொன்னதில்லை. எதற்கும் கேட்டுவிடு என்று சொன்ன ஒரே ஆளான நிஷாவையும் அவள்தான் வாயைத் திறக்க விடவில்லை.

மேடம் பாவம், பொறுமையாகவே பேசினாள். தேதியை மட்டும் தள்ளிப்போட முடியாது, வரிசையில் இருபது பெண்கள் காத்திருக்கிறார்கள். அட்மிஷன் போடாமல் இரவு ஹாஸ்டலில் தங்க வைக்கவும் முடியாது. “விடிகாலை பஸ்ல செங்கல்பட்டு வந்துடுங்க. அங்க லோக்கல் ட்ரெயின் ஏறினா நேரா சேத்துப்பட்டு ஸ்டேஷன்லயே இறங்கிடலாம். பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுடுச்சுல்ல? கையெழுத்து அவளே போடலாம். ஆனா பத்து மணின்னா பத்து மணி.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நாலேகாலுக்கு ஒரு பஸ் வந்தவாசி, உத்திரமேரூர் வழியாகச் செங்கல்பட்டு போகிறது என்று டைம் கீப்பர் சொன்னார். எக்ஸ்பிரஸ். ஆணோ பெண்ணோ டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் டவுன் பஸ் ஒன்றும் கிளம்பாது, அதில் தொற்றித் தொற்றிப் போனால் செங்கல்பட்டைத் தொடவே மத்தியானமாகிவிடும். எதிரே இருந்த லாட்ஜில் அம்முலு ரூம் வாடகை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். ஓசிப் பயணத்தை நம்பி வந்தவளிடம் என்ன இருக்கும்? ரூம் எடுத்தால் பஸ் கிடையாது. பஸ் ஏறினாலும் ஒருத்திதான் ஏறலாம்.

“நீ போ” என்றாள்.

“தனியாவா?” என்றாள் நிஷா. “காஞ்சிவரம் தாண்டி நான் எங்கனா தனியா போயிக்கிறனா? அந்த ரெயில்ல எப்பிடி ஏறணும்னுகூட எனக்குத் தெரியாது. வேணாம்மா, வூட்டுக்குப் போலாம். நான் வேன்ல ஏறி கம்பெனி வேலைக்கே போறேன். சின்னப்பையன் மாமா பொண்ணு போவல?”

“கம்பெனிக்கு எப்ப வோணா போலாம்டி. இது போச்சுன்னா போச்சு.”

“அதான் கேளுன்னு சொன்னேன்! நாலு தபா சொன்னேன்! உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

பக்கத்தில் கொய்யாப்பழக் கூடைகளோடு படுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்முலு அந்தப் பெண்களோடு பெண்களாக, சுவரோரமாகப் புடவைத் தலைப்பை விரித்து மகளைப் படுக்க வைத்தாள். நிஷா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்முலு தலைமாட்டில் உட்கார்ந்தே விடியலுக்குக் காத்திருந்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ் வந்ததும் மகளை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தாள். காசையும் போனையும் அவள் கையில் திணித்தாள். கண்டக்டரிடம் போய், “செங்கல்பட்டு ஒண்ணு சார். பொண்ணு தனியா வருது. ஸ்டேஷன் பக்கமா பாத்து எறக்கி வுடுங்க சார்” என்றாள். நிஷா அவளைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோதும் பார்க்கவில்லை.

அம்முலுவுக்கு முதல் டவுன் பஸ் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பயம் வந்து பிடித்துக்கொண்டது. அந்த எக்ஸ்பிரஸ் உத்திரமேரூர் வழியாகத்தானே போகிறது! விடிகிற வேளைக்குத் தெரிந்த பஸ் ஸ்டாண்ட், தெரிந்த கடை. அங்கே பத்து நிமிஷம் நிற்கும். பயந்துபோன பெண் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட மாட்டாளா? இறங்கினால் அரை மணியில் வீடு. அடுத்த வாரமே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். அப்புறம் காலம் பூராவும் அம்மா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சேத்துப்பட்டுதான் ஞாபகம் வரும். நெடுங்குணத்தில் காத்திருந்தாள், வந்தவாசியில் காத்திருந்தாள், மானாம்பதியில் காத்திருந்தாள். ஓசி பஸ் இவ்வளவு மெதுவாகப் போகும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

உத்திரமேரூரில் இறங்கும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். பெண்கள் உட்காரும் இடத்தில் பார்த்தாள், கழிவறைப் பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பெற்ற பெண்ணைத் தேடிக்கொண்டே, கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொள்ள வேண்டிய கதி வேறு எந்தத் தாய்க்கும் வரவேண்டாம். நிஷா அங்கே இல்லை. ஆனால் வீட்டில் இருக்கலாமே?

பூக்கடை சுலோச்சனா தெரிந்தவள். “அக்கா, ஒரு கால் பண்ணிக்கறேன் குடு” என்று அவள் போனை வாங்கித் தன் நம்பரையே அழுத்தினாள். நாலு ரிங் போனது. எடுத்தது மேடம்.

“நிஷா அம்மாவா? உள்ள க்ளாஸ்ல இருக்கா. போனெல்லாம் ஆபீஸ்லதான் வாங்கி வச்சிருக்கோம். ஒன்பதே முக்காலுக்கு ஓடி வந்து நின்னாம்மா. அட்மிஷன் போட்டாச்சு.”

அம்முலு கடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி வைங்க” என்றாள் மேடம். “நீங்க சரியாத்தான் சொன்னீங்களாம். அவதான் சரியா விசாரிக்காம, உங்களையும் எங்கியோ இழுத்துட்டுப் போயிருக்கா. நான் கேட்டதும் தப்பு என்மேலதான் மேடம்னு அவளே ஒத்துக்கிட்டா. நாளைக்கு நோயாளிக்கு மருந்து கொடுக்கறப்போ இப்படி இருந்தா என்ன ஆறது? நல்லாத் திட்டி, ஃபைல்லயும் எழுதி வச்சிருக்கேன்.”

ராத்திரி முழுக்க முகம் கொடுத்துப் பேசாத பெண், ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்காத பெண்!

“மேடம், அத அடிச்சிடுங்க” என்றாள்.

“எதை?”

“அவ மேல எளுதினத. அவ கேளு கேளுன்னு தலபாடா அடிச்சிக்கினா மேடம். நான்தான் தெரியும் தெரியும்னு அவ வாய அடச்சேன். எனக்குத் தெரியாது மேடம். ரெண்டு சேத்துப்பட்டு கீதுன்னே எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று அவள் உரக்கத்தான் சொன்னாள். சுலோச்சனா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு மூன்று பேரும் திரும்பினார்கள். யார் பார்த்தால் என்ன? அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“சரிம்மா, அடிச்சிட்டேன்” என்றாள்.

அம்முலு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கடையை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாகறல் வழியாகப் போகிற ரோஸ் கலர் பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று அவள் எழுந்திருக்கவில்லை.