ஆறிடுச்சு என்றவர்

"ஆறிடுச்சுன்னு நீ சொன்னியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

தங்கைக்காரி இப்படிக் கத்தி எங்கள் தெரு அதுவரை கேட்டதில்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே தன் வாயை மூடிக்கொண்டவள் என்று நாங்கள் கேலி பேசுவோம். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திறந்துவிட்டாள். அண்ணன்காரர் கார் ஷெட் வாசலில் நின்று, மீட்டர் முள் இறங்கியிருந்தது, முள் இறங்கியிருந்தது என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கிற சாக்கில் மதிலோரம் போய் நின்றேன். கொடியில் துணி ஒன்றும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். தெருவில் அவருக்குப் பெயர் பிரேக். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தங்கைக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாக மிதித்து நிறுத்தினார். ஒருத்தனுக்கு நடை சரியில்லை, இன்னொருத்தன் தேவையில்லாமல் சிரிக்கிறான். பெற்றவர்கள் இல்லாத வீடு. அவள் போய்விட்டால் இவருக்குச் சட்டை தேய்க்கக்கூட ஆளில்லை என்பது தெரு முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

கடைசியில் அவளே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவர். உதிர்ந்த சுவரிலிருந்து நகத்தளவு சில்லைக் கொண்டுபோனால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். பேச்சும் அப்படித்தான், அளந்து ஊற்றினமாதிரி. இதுவும் நின்றுபோனால் இனி யாரையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை அக்கா என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

பிரேக் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கல்யாணத்தன்று மணமக்கள் அவருடைய காரில்தான் வரவேண்டும். தங்கையைவிட வயது கூடிய, இரண்டே கதவு வைத்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். பின் சீட்டில் ஒரு பூனை வேண்டுமானால் வசதியாக உட்காரலாம். மணமக்கள் அங்கே மடங்கிக் கிடக்க, முன்னால் இவர் ஓட்டுவார். கல்யாணத்திலும் பிரேக் அவர் காலடியில்.

அந்தக் கார் எஞ்சின் சூடு தணிக்க வருஷக்கணக்காக வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓடியது. ரேடியேட்டரைத் திறந்தால் துருவேறிக் கருத்துக் கிடந்தது. மாப்பிள்ளை லீவு நாட்களில் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தார். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தால் மட்டும் போதாது, எஞ்சின் வயிற்றுக்குள் நிற்பதும் வரவேண்டும் என்று பக்கவாட்டில் துருப்பிடித்திருந்த போல்ட்டை எண்ணெய் விட்டு ஊறவைத்து, பல்லைக் கடித்துக் கழற்றினார். தெளிந்த நீர் வரும்வரை அலசினார்.

இனித் தண்ணீருக்குப் பதிலாக என்ன கூலன்ட் ஊற்றுவது என்பதில்தான் உரசல். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு கேன் எடுத்துவைத்தார்கள், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்புக் கேனில் பந்தயக்கொடி படம். பிரேக்கின் கை நேராக அங்கேதான் போனதாம். மாப்பிள்ளை இரண்டையும் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, நிறத்தைப் பார்க்காதீங்க மச்சான், அது வெறும் சாயம், எழுத்தைப் படிங்க என்றிருக்கிறார். செம்பும் ஈயப் பற்றவைப்பும் உள்ள பழைய ரேடியேட்டருக்குப் பழைய வகைதான் ஒத்துவரும், இந்தக் கடையில் அது பச்சை, இரண்டையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. கடைக்காரரும் அதையே சொன்னார். பச்சையே வந்தது. ஊற்றி முடித்ததும் ரேடியேட்டர் மூடிமேல் பச்சை பெயின்டில் ஒரு பொட்டு வைத்தார் மாப்பிள்ளை, நாளைக்கு யாரும் மறந்து மாற்றி ஊற்றிவிடாதபடி.

அந்தப் பொட்டுதான் பிரேக்குக்கு உறுத்தியது. என் காருக்கு இவன் யாருடா பொட்டு வைக்க என்று என் வீட்டுக்காரரிடம் வந்து குமுறினார். அந்த வாரமே ரகசியமாகச் சிவப்புக் கேனை வாங்கினார். அடிக்குழாயைத் திறந்து வந்ததை வடித்தார். போல்ட்டோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமையில்லை, எஞ்சினுக்குள் நின்றது நின்றபடியே இருக்க, மேலே சிவப்பை ஊற்றினார். திரிந்த பால்மாதிரி உள்ளே இரண்டும் திப்பிதிப்பியாகக் கட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பிரேக்கும் மாப்பிள்ளையும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது ஆவி பறக்க என் வாசலுக்கு எதிரிலேயே நின்றது கார். இறங்கினார்கள். மாப்பிள்ளை பின்பக்கம் துணி எடுக்கப் போனார். பிரேக் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்து உதறினார். பிறகு கண்ணாடி வழியே குனிந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு ஓரமாகத் தள்ளி நின்றார்.

"ஆறிடுச்சு மாப்பிள்ளை. திறங்க."

மாப்பிள்ளை துணியைச் சுற்றிப் பச்சைப் பொட்டு வைத்த மூடியைத் திருகினார். கொதித்த சகதி முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

அந்த முள்ளுக்குச் சூடு சொல்கிற சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும் என்று காரைக் கட்டி இழுத்துப்போன மெக்கானிக் சொன்னார். தண்ணீர் வற்றி வெறும் ஆவி நிற்கும்போது முள் பாட்டுக்குக் கீழே படுத்துவிடுமாம். ரேடியேட்டருக்குள்ளிருந்து பழுப்புச் சகதியைக் கரண்டியால் வழித்தாராம்.

மறுநாள் ஷெட்டில் கோணிக்கு அடியில் காலிச் சிவப்புக் கேன் தங்கை கையில் சிக்கியது. அந்தச் சண்டையைத்தான் முதலில் சொன்னேன். கேனை அவர் காலடியில் போட்டுவிட்டு மதில் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க வாசல்லதான இருந்தீங்க. பானெட்டைத் தொட்டாரா?"

வேவு பார்க்கிறவள் என்று என்னை ஏசுகிற வீடுகளெல்லாம் அன்றைக்கு என் வாயையே பார்த்தன. தொட்டார், தொட்டுவிட்டுக் கையை உதறினார் என்றேன்.

பிரேக் காலால் கேனை ஓரமாகத் தள்ளினார். அப்புறம், "நான் சொன்னா அவர் ஏன் கேக்கணும்? எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தானே செய்வார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தெருவில் ஒரு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளைக்கு வலது கண் பார்வை திரும்பவில்லை. மற்றது பிழைத்தது. கல்யாண நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அவள் தினமும் போனாள், துணைக்கு நானும் போனேன், போகாமல் இருக்க முடியுமா. முகம் முழுக்கக் கட்டு. ஒருநாள் பாலை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, அவர் கையில் கொடுத்துச் சொன்னாள்: "ஆறிடுச்சு. குடிங்க."

ஒரே வயிற்றுப் பிள்ளைகள், குரலில் அண்ணனுடைய அந்த இழுப்பு அப்படியே இருந்தது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ள, பால் போர்வையில் கொட்டியது. துடைக்க வந்த கையை விலக்கிவிட்டு, உன்மேல் கோபமில்லை என்றார். மறுபடியும் அதையே சொன்னார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் அடுத்த நாள் போகவில்லை. நான்தான் கிளம்பி நின்று ஏமாந்தேன்.

அவர் தன் பெயின்ட் கடையிலேயே பில் போடுகிற பெண்ணைப் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். இப்போது அவர் கலக்குகிறார், நிறம் சேர்ந்ததா என்று அவள் பார்த்துச் சொல்கிறாள். பிரேக் காரை விற்றுவிட்டார். வாங்க வந்தவர் உள்ளே என்ன கூலன்ட் என்று கேட்டதற்குக் கூசாமல் பச்சை என்றார்.

தங்கை வேறு ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டாள். இதுவரை கல்யாணம் இல்லை. அவள் பெட்டியோடு டாக்ஸியில் ஏறும்போது அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேய்க்காத சட்டை. கோபம் ஆறினதும் வந்துடும்மா என்றார்.

அவள் கண்ணாடியை ஏற்றுவதற்கு முன்னால் சொன்னாள்: "ஆறிடுச்சான்னு நீயே தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அவர் கையை நீட்டவில்லை. வண்டி போய்விட்டது.