டயர் ஆறுகிறது

1

லீமா அக்கா என்னிடம் கதை கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தைப் போனில் சொல்லச் சொன்னார். அதைச் சொல்ல முடியாமல்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆபீஸில் வேலை செய்கிறேன். வேதியியல் படித்தவள். மின்கம்பங்களில் வைக்கும் பீங்கான் இன்சுலேட்டர்தான் எங்கள் சரக்கு. சரக்கு எங்கே வருகிறது என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். நான் லாரி ஓனரிடம் கேட்டுச் சொல்வேன். போனில் பேசுவதுதான் என் வேலை. போனில் பேசுவதுதான் எனக்குப் பயமும்.

லீமா அக்கா பக்கத்து ஷெட்டில் இன்சுலேட்டர்களைச் சுடுவதற்கு முன் பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பவர். அவர் கணவர் காஸ்பர், எங்கள் சரக்கை ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர்.

அந்த வாக்கியத்தைக் கடைசிவரை மறைத்து வைக்கலாம் என்று நினைத்தேன். வாசகரை அப்படி இழுத்துப் போவது எனக்கு வரவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிரைவருக்குத் தூக்கம் வருகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். சட்டம் இப்படிச் சொல்லும்போது நடைமுறையில்—’

(விட்டுவிட்டேன். தவறு ஒன்றும் இல்லை, படித்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் இதில் ஆளே இல்லை. காஸ்பர் அண்ணனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அது யாருக்கும்மா, பஸ்ஸு டிரைவருக்கா?” என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.)

இரண்டாவது தொடக்கம்:

‘சூளை திறக்கும் நாளில் எங்கள் பேட்டையில்—’

(இதையும் விட்டுவிட்டேன். ஆனால் இதிலிருந்து ஒன்று தேவைப்படுகிறது. சுட்ட சரக்கு ஆறுவதற்குள் சூளையைத் திறந்தால் பீங்கானில் கீறல் விழும். அதனால் முதலாளியே வந்து நின்று அவசரப்படுத்தினாலும் “ஆறட்டும்” என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. அவரும் போய்விடுவார். எங்கள் பேட்டையில் யாரும் மறுத்துப் பேசாத சொல் அது ஒன்றுதான்.)

காஸ்பர் அண்ணன் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்.

3

லாரி டிரைவர் தூக்கம் வருகிறது என்று சொல்ல மாட்டார். சொன்னால் தூங்குமூஞ்சி என்று பெயர் வரும். அந்தப் பெயர் வந்தவருக்கு லோடு வராது. காஸ்பர் அண்ணன் கண் சொக்கினால் வண்டியை மரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு ஓனருக்குப் போன் செய்வார். “டயரு கொதிக்குது மொதலாளி. ஆறட்டும்.” அடுத்த போன் லீமா அக்காவுக்கு. “டயரு ஆறுது.”

லீமா அக்கா சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், “டயர் அடிக்கடி சூடாகுதேக்கா, காத்து கம்மியா இருக்கும். பாக்கச் சொல்லுங்க” என்றேன். ஷெட்டே சிரித்தது.

“படிச்ச புள்ளன்னா இதான்” என்றார் லீமா அக்கா. “டயருன்னா அவரு கண்ணு பாப்பா.”

4

ஓனர் கலியமூர்த்தி. அவரை இப்படி எழுதியிருந்தேன்:

‘கலியமூர்த்தி இரக்கமில்லாதவர். அவருடைய கண்களில்—’

(நிறுத்திவிட்டேன். அவர் கண்களை நான் பார்த்ததில்லை. அவர் ஆபீசுக்கு வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். அவர் செருப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஆளை எழுத அது போதாது.)

தெரிந்ததை எழுதுகிறேன். அவருடைய இன்னொரு லாரி, டயர் வெடித்துச் சாலையில் எரிந்து போனது. ஆள் தப்பித்துவிட்டார். அதன் பிறகு கலியமூர்த்தி ஒவ்வொரு டயரிலும் காற்றடிக்கும் முனையில் ஒரு சென்சார் மூடியைப் பொருத்தினார். டயரின் சூடும் காற்றும் அவருடைய போனில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை. சூடேறினால் சிவப்பு.

எங்கள் கம்பெனி வாசலில்தான் கற்பூரம் ஏற்றிப் பொருத்தினார்கள். “இனிமே நீ டயரப் பத்திக் கவலைப்படவே வேணாம் காஸ்பரு” என்றார் கலியமூர்த்தி.

காஸ்பர் அண்ணன் அந்தச் சின்ன மூடியை விரலால் தொட்டுப் பார்த்தார். “நல்லதுங்க மொதலாளி” என்றார்.

அடுத்த டிரிப்பில் வழக்கம்போலப் போன் செய்திருக்கிறார். “டயரு கொதிக்குது மொதலாளி.”

“எல்லாம் பச்சையாதானே இருக்குது?”

காஸ்பர் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கும் நிறுத்துவதில்லை.

* இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு பொய் சொல்லலாமே? ரேடியேட்டர், போலீஸ், வயிற்றுவலி. லீமா அக்காவிடம் கேட்டேன். “அவருக்கு அது பொய்யே இல்ல பாப்பா. ஆறணும்னுதானே சொன்னாரு? வேற சொன்னா நாக்குக் கொழறும் அவருக்கு” என்றார்.

5

போன டிரிப்பில் வண்டி இடதுபக்கக் கண்ணாடி இல்லாமல் வந்தது. கதவு முழுக்கச் சிராய்ப்பு. எருமை குறுக்கே வந்துவிட்டது என்றார் காஸ்பர் அண்ணன்.

லீமா அக்கா என் மேஜைக்கு வந்தார். சிரிப்பு இல்லை.

“எருமைக்கு ஒண்ணும் ஆவலியாம். அது பாட்டுக்குப் போயிடுச்சாம். கண்ணாடி மட்டும் போச்சாம். எந்த ஊரு எருமை பாப்பா அது?”

நான் லோடு நோட்டைப் புரட்டினேன்.

“நீ ஓனருகிட்ட சொல்லு. டிரைவருக்குத் தூக்கம் வருது, நடுவுல நிறுத்தித் தூங்க வுடணும்னு.”

“நீங்களே சொல்லலாமேக்கா.”

“பொண்டாட்டி சொன்னா, வூட்லயே போய்த் தூங்கச் சொல்லுன்னுட்டு வேற ஆள ஏத்திடுவாரு. கம்பெனி சொன்னா கேப்பாரு. நீதானே கம்பெனி?”

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சரி என்றேன். அன்று மூன்று முறை கலியமூர்த்தியிடம் பேசினேன். மூன்று முறையும் சரக்கைப் பற்றி மட்டும்.

பிறகு வீட்டுக்குப் போய் இதை எழுத உட்கார்ந்தேன்.

6

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று மதியம் கதை என்னை முந்திவிட்டது.

நாக்பூர் பார்ட்டி போனில் கேட்டது, சரக்கு எங்கே என்று. விசாரித்துச் சொல்வதாக வைத்துவிட்டுக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

“வண்டி கர்னூல் தாண்டி நிக்குதும்மா. டயரெல்லாம் பச்சையாதான் காட்டுது. அவன் போன எடுக்கல. ஏன் நிக்கிறான்னு தெரியல.”

லீமா அக்கா வாசலில் நின்றிருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. முழங்கை வரை கிளேஸ் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

நிற்கும் வண்டி. நல்ல டயர். எடுக்காத போன். இந்த மூன்றை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அறிவியல் படித்தவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். கதை எழுதுபவள் முடிவைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் முடிவு: ‘சாலையோரத்தில் கூட்டம் கூடியிருந்தது—’

(எழுத மாட்டேன். எழுதினால் கதைக்குக் கனம் வரும். அந்தக் கனத்தைக் காஸ்பர் அண்ணன் உயிரைக் கொடுத்து வாங்க மாட்டேன்.)

இரண்டாம் முடிவு: ‘அப்போது கலியமூர்த்தியின் போனில் ஒரு டயர் சிவப்பாக மாறியது. எல்லோரும் சிரித்தோம்—’

(நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சென்சார் பழுதில்லை. பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான்.)

7

கலியமூர்த்தி இன்னும் லைனில் இருந்தார். “தூங்கறாரு” என்றார் லீமா அக்கா. “வேற ஒண்ணுமில்ல. தூங்கறாரு. சொல்லு பாப்பா.”

சொன்னேன்.

“சார், டிரைவருக்குத் தூக்கம் வந்திருக்கும். தூங்கட்டும் சார்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு கலியமூர்த்தி பேசினார்.

“நானும் ஓட்டுன காலத்துல டயர ஆற வெச்சவன்தாம்மா.”

(அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியும். பச்சையாதானே இருக்குது என்று கேட்ட அன்றும் தெரியும். கோபம் வர வேண்டும். ஆனால் அவர் குரல் எனக்குக் கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. அதனால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை.)

“சரி, நான் திரும்பப் போன் போட்டு எழுப்பல” என்றார். “ஆனா பார்ட்டிக்கு என்ன சொல்லுவ? அவங்களுக்குச் சரக்கு வேணுமில்ல?”

அவர் வைத்துவிட்டார். மேஜையில் இன்னொரு போன் அடிக்கத் தொடங்கியது.

பார்ட்டி என்றால் சரக்குக்காகக் காத்திருப்பவர். இந்தக் கதையில் அது நீங்கள்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அவர் தூங்குகிறாரா, எழுந்தாரா, வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வரி எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வரியை எழுத நான் அவரை எழுப்ப வேண்டும்.

அரை மணி நேரம் கேட்கிறேன். சட்டத்தில் இருப்பதுதான்.

போனை எடுக்கிறேன். மறுமுனையில் நீங்கள். “டிரைவர் தூங்குகிறார்” என்கிறேன்.

லீமா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதை அவர் அதில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.